இரட்டைக் கரு சுமக்கும் தாய்
(வெள்ளி விழா மகளிர் அரங்கில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பெண் கல்வி என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்திருந்தார்கள். அதைப் பேச என்னினும் வல்லவர்கள் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நானோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேறுகாலப் பணி செய்து ஓய்வு பெற்றவள். எனவே எனக்குத் தெரிந்த ஒன்றையே பேச இசைவு கேட்டுப் பெற்றேன். வயிற்றில் இரண்டு குழந்தைகளைச் சுமக்கும் ஒரு தாய் தன் கடைசி மூன்று மாதங்களை எவ்வாறு கடப்பது என்பதே என் பேச்சு. இளைஞர்கள் சிலர் தலையைக் குனிந்துகொள்வதைக் காண்கிறேன். குனிய வேண்டாம். இப்பேச்சு முதன்மையாக உங்களுக்கே உரியது. தண்ணீர்க் குடத்தை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் நீங்கள்தாமே?

1968ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. இராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் என் பெரியம்மா நிறைமாதமாக இருந்தார். வயிறு அளவுக்கு மீறிப் பெருத்திருந்தது. "நீர் கோத்துக்கொண்டிருக்கிறது, சோற்றைக் குறை" என்றார்கள். குறைத்தார். கடலைக்காய் பறிப்புக்கு அன்றாடம் சென்றுகொண்டும் இருந்தார். செல்லாவிட்டால் அன்றைக்கு அடுப்பில்லை. ஊர் மருத்துவச்சி எங்கள் தெருவுக்கு வரும் வழக்கம் அன்று இல்லை. என் அம்மாயிதான் பேறு பார்த்தார். முதற்குழந்தை பிறந்த பின்னரே உள்ளே இன்னொன்று இருப்பது தெரிந்தது. வண்டி கேட்டு ஓடினோம். வண்டிக்காரர் வீட்டில், மாடுகள் களைத்திருப்பதாகச் சொன்னார்கள். விடிந்த பின் வண்டி வந்தது. இரண்டாவது குழந்தை பிழைக்கவில்லை. இரத்தப் போக்கு நிற்காமல் பெரியம்மாவும் வழியிலேயே கண் மூடினார். முதலில் பிறந்த குழந்தை, என் தங்கை, இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். நான் செவிலியர் படிப்புக்குச் சென்றது இதனால்தான் என்பதை அவளிடமே இன்றுவரை சொன்னதில்லை.

இனி அறிவியலுக்கு வருவோம். இரட்டை வாழைப்பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்பது நம் பக்கத்துப் பாட்டிமார் சொல். பழத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரே மாதத்தில் இரு கருமுட்டைகள் முதிர்ந்து இரண்டும் கருவுற்றால் ஒருவகை இரட்டையர். ஒரு கருவே இரண்டாகப் பிரிந்தால் மற்றொரு வகை. நம் நாட்டில் ஏறத்தாழ நூறு பேறுகளுக்கு ஒன்று இரட்டை எனலாம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கொடிஞ்ஞி என்னும் ஊரிலும், நைஜீரியாவின் இக்போ ஓரா என்னும் ஊரிலும் இரட்டையர் மிகுதியாகப் பிறப்பது உலகறிந்த செய்தி. நம் சேலம், நாமக்கல் சமவெளியில் அத்தகைய வியப்பு ஏதுமில்லை. ஆயினும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு தாயாவது இச்சுமையைச் சுமந்திருப்பாள்.

இரு குழந்தைகளுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி உள்ளதா, ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்கின்றனவா என்பதே மருத்துவர் முதலில் அறிய விரும்பும் செய்தி. பகிர்ந்துகொண்டால் ஒன்றுக்கு மிகுதியாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் இரத்தம் பாயும் ஆபத்து உண்டு. அத்தாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். இவ்வேறுபாடு 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். ஸ்கேன் என்றவுடன் ஆணா பெண்ணா என்று கேட்கும் நாக்கு நம்மிடையேயும் இருக்கிறது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் நம் சேலத்தில்தான் தொடங்க நேர்ந்தது என்பதை நினைத்தால் அந்நாக்கு அடங்கும். கருவின் பாலைச் சொல்வதும் கேட்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

எட்டாம் மாதத்திலேயே இரட்டையர் தாயின் வயிறு மற்றவர்களின் நிறைமாத வயிற்றின் அளவை எட்டிவிடுகிறது. கருப்பை மேலேறி மூச்சுப் பையை நெருக்குவதால் நான்கு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். இரைப்பையை அழுத்துவதால் நெஞ்செரிச்சல். சிறுநீர்ப்பையை அழுத்துவதால் இரவில் ஐந்தாறு முறை எழ வேண்டும். இடுப்பெலும்பின் மூட்டுகள் தளர்ந்து, புரண்டு படுப்பதே தண்டனையாகும். கால் வீங்கும், கெண்டைக்காலில் குரக்கு வலி இழுக்கும், மூலமும் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். இவற்றைச் சொன்னால், "நாங்கள் பெறாத பிள்ளையா?" என்று கேட்கும் மாமியார் உண்டு. அவர் பெற்றது ஒவ்வொன்றாக. இவள் சுமப்பது இரண்டு.

படுக்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மல்லாந்து படுத்தால் கருப்பையின் பளு முதுகுப்புறத்துப் பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கும். ஒருக்களித்துப் படுப்பதே நன்று, இடப்பக்கம் சிறப்பு. பழைய சேலையை மடித்து ஒன்றை வயிற்றின் அடியிலும், ஒன்றை இரு முழங்கால்களுக்கு நடுவிலும் வைத்துக்கொண்டால் இடுப்பு வலி வெகுவாகக் குறையும். தொய்ந்த கயிற்றுக் கட்டில் முதுகுக்குப் பகை. தரைப்பாய் முதுகுக்கு நல்லதே, ஆனால் அதிலிருந்து எழுவது பெரும்பாடு. பலகைக் கட்டில் ஒன்று கிடைத்தால் வீட்டில் யார் அதில் படுப்பது என்பதில் வழக்குக்கே இடமில்லை. எழும்போது நேராக நிமிரக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, இரு கால்களையும் சேர்த்துக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்ப வேண்டுமாயின் எழுந்து உட்கார்ந்துதான் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும் என்பார்கள். தாய் புரள்வதால் கொடி சுற்றாது. குழந்தை தானே அசைவதால் சுற்றுவது அது. இரட்டையைச் சுமப்பவளை இரவில் பத்து முறை உட்கார வைத்து எழுப்புவது அவள் உறக்கத்தைத் திருடுவதே. நான் 1988இல் என் இரட்டையரைச் சுமந்தபோது என் தாயார் இதை வற்புறுத்தினார். செவிலியாக இருந்தும் மூன்று வாரம் அவர் சொற்படியே செய்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பகலில் ஒரே இருப்பாக இருத்தலும் ஒரே நிலையாக நிற்றலும் ஆகா. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களில் நின்றே வேலை செய்யும் பெண்களின் கால்களில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பதை நான் நாள்தோறும் பார்த்தவள். அவர்கள் அரை மணிக்கு ஒருமுறை அமர்ந்து காலைப் பலகைமேல் நீட்ட வேண்டும். மென்மையான பருத்தித் துணியை அடிவயிற்றின் கீழே இறுக்காமல் தாங்கலாகக் கட்டிக்கொண்டால் இடுப்பு இளைப்பாறும். அதற்காக முற்றிலும் படுத்தே கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. முழு ஓய்வுப் படுக்கை குறைமாதப் பேற்றைத் தடுப்பதாக மெய்ப்பிக்கப்படவில்லை. மாறாக, காலில் இரத்தம் கட்டவே அது வழி செய்யும். மெல்ல நடக்கலாம், சமைக்கலாம். பளு தூக்குவதும் குனிந்து களை எடுப்பதும் வேண்டா.

உணவைப் பற்றி: குறைவாக உண்டால் குழந்தை சிறுத்துப் பேறு எளிதாகும் என்னும் எண்ணம் என் பெரியம்மாவோடு போய்விடவில்லை. இரட்டையர் இயல்பாகவே சிறுத்துப் பிறப்பவர்கள். அவர்கள் தாயைப் பட்டினி போடுவது மூவரையும் பட்டினி போடுவதாகும். வயிற்றில் இடமில்லாமையால் மூன்று வேளை உணவை ஆறு வேளையாகப் பிரித்துச் சிறிது சிறிதாக உண்ண வேண்டும். உண்டவுடன் படுக்கக் கூடாது. நம் பக்கத்தில் ஜவ்வரிசிக் கஞ்சி எளிதில் கிடைக்கிறது. வயிறு நிறையும், இரத்தம் ஊறாது. கேழ்வரகு, கொள்ளு, கடலை, முருங்கைக்கீரை ஆகியவற்றையே நாடுங்கள். நாடெங்கும் முட்டை அனுப்பும் நாமக்கல்லில் பிறந்த பெண் நாளுக்கு ஒரு முட்டை உண்ணாமலிருப்பது வருந்தத்தக்கது. மாட்டிறைச்சியிலும் ஆட்டு இரத்தத்திலும் உள்ள இரும்புச் சத்து உடலில் எளிதாகச் சேரும். நன்கு வேகவைத்து உண்ணுங்கள். எவர் முகம் சுளித்தாலும் பொருட்படுத்த வேண்டா. இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு 11க்குக் கீழே இறங்கினால் அது சோகை. இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்க வேண்டும். மலம் கறுப்பது கண்டு அஞ்ச வேண்டா.

தண்ணீர் குடிக்கப் பயப்படும் பெண்கள் பலரை அறிவேன். பயம் தண்ணீரைப் பற்றியதன்று. இருட்டில் கழிப்பிடம் தேடிப் போவதைப் பற்றியது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி சேரும். அதுவே வலியை முன்கூட்டித் தூண்டிவிடும். ஒரு குடும்பத்தில் இரட்டைக் கரு என்று தெரிந்தால் தொட்டில் வாங்குவதற்கு முன் கழிப்பறையைக் கட்டுங்கள். கட்டியிருப்பின் அதற்குத் தண்ணீரும் விளக்கும் உண்டா என்று பாருங்கள்.

இவை யாவும் தாங்கிக்கொள்ளத்தக்க தொல்லைகள். தாங்கிக்கொள்ளக் கூடாதவை வேறு. தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை இரத்த அழுத்தம் ஏறுவதன் அறிகுறிகள். இரட்டையர் தாய்க்கு இது கூடுதலாக வரும், விட்டால் வலிப்பில் முடியும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிப்பின்றி அரித்தல் ஈரல் கோளாற்றைக் காட்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இரத்தக் கசிவு, பனிக்குடம் உடைதல், குழந்தைகளின் துடிப்புக் குறைதல், மாதம் நிறையுமுன் விட்டு விட்டு வலி எடுத்தல் — இவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். எங்கள் வீட்டில் விடியும்வரை காத்திருந்தோம்.

இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகின்றனர். ஆகையால் ஏற்பாடுகளை ஏழாம் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். தாய்வீடு தொலைவான சிற்றூரில் இருக்குமாயின், பெண்ணை அங்கே அனுப்புவதை விடத் தாயை இங்கே வரவழைப்பது அறிவுடைமை. பேறு நிகழும் இடத்தில் அறுவை அரங்கும், இரத்தச் சேமிப்பும், குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் பிரிவும் இருத்தல் வேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல்லில் 2022இல் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. 2008 முதல் 108 ஊர்தி கட்டணமின்றி ஓடுகிறது. மாட்டு வண்டிக்கு எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தமிழகத்தில் 2018-20ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஓர் இலட்சம் பேறுகளுக்கு 54 தாய்மார் இறந்தனர். இந்திய அளவில் அது 97. நாம் முன்னே நிற்கிறோம். ஆயினும் அந்த 54 பேரும் எந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஓய்வு கூலிக்காரிக்கு எங்கே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதா வந்தபோது, பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்றும், அச்செலவில் அரசும் பங்கேற்க வேண்டும் என்றும் அண்ணல் அம்பேத்கர் வாதாடினார். தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது 1943இலும் 1945இலும் சுரங்கப் பெண்களுக்கான பேறுகாலச் சட்டத்தைத் திருத்தும் மசோதாக்களைக் கொண்டுவந்தவரும் அவரே. 1961ஆம் ஆண்டுச் சட்டம் 2017இல் திருத்தப்பெற்று, முதலிரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பை அளித்தது. பேற்றுக்கு முந்தைய பத்து வாரங்களில் கடின வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் வேண்டா என்று தாய் கேட்டால், முதலாளி தரக் கூடாது என்றும் அச்சட்டம் கூறியது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த தறிக்கூடத்துக்கும், கடலைக்காய்க் காட்டுக்கும் அச்சட்டம் எட்டவில்லை. என் பெரியம்மா நின்ற இடத்தில் சட்டம் இன்னும் போய் நிற்கவில்லை என்பதே என் மனக்குறை. அதுவரையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி உண்டு. 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய அது 2018 முதல் 18,000 ரூபாய். 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிய வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருப்பின் அதிலும் மகப்பேற்று உதவி உண்டு. அப்பணம் வந்ததும் கைப்பேசியாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது கணவன்மாரின் பொறுப்பு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இரு குழந்தைகளால் விரிந்த கருப்பை, பேற்றுக்குப் பின் சுருங்கத் தயங்கும்; இரத்தப் போக்கு கூடும். அப்போது தேவைப்படுவது இரத்தம். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள உடல்நலமுடையவர் எவரும் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. அரங்கின் வாயிலில் மேசைமீது ஒரு நீல நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். உங்கள் பெயர், தெரு, இரத்த வகை ஆகியவற்றை அதில் எழுதிவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குச் செல்லுங்கள். இரத்த வகை அறியாதவர்களுக்காக என் தங்கை ஊசியும் கண்ணாடித் தகடுமாக அருகில் அமர்ந்திருப்பாள். அவளும் பரிசோதனைக்கூடத்தில் பணியாற்றியவள்தான்.