தீக்காக்கையும் உளுத்த மரமும்



மலையடிவார ஊராட்சிகளில் கூட்டம் கூடினால் சாலை, குடிநீர், காட்டுப்பன்றித் தொல்லை ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேச்சு நிகழும். அவை பேசப்பட வேண்டியவையே. இன்று மட்டும் அவற்றைச் சற்றே ஒதுக்கிவைத்து, ஒரு பறவையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். அதன் பெயர் தீக்காக்கை.

பெயரில் காக்கை இருப்பினும், இது காக்கை இனத்தைச் சேர்ந்ததன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் இலங்கையிலும் வாழ்வது. நம் மாநிலத்தில் ஆனைமலை, களக்காடு, முண்டந்துறை, கூடலூர்ப் பக்கத்துக் காடுகளில் இதனைக் காணலாம். வால் உட்பட ஓர் அடி நீளம் இருக்கும். ஆண் பறவையின் தலையும் மார்பும் கரி போன்ற கருமை. அதன் கீழே ஒரு வெண்பட்டை. வயிறு முழுவதும் தணல் போன்ற செந்நிறம். பெண் பறவைக்கு அந்தச் சிவப்பு இல்லை. காவி கலந்த மஞ்சளே உண்டு. இத்தனை நிறம் படைத்த பறவை நம்மில் பலர் கண்ணில் படாதது ஏன்? மனிதரைக் கண்டால் அது முதுகைத் திருப்பிக்கொள்ளும். முதுகோ காய்ந்த சருகின் நிறம். பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது.

இதன் ஆகாரம் கம்பளிப்புழு, வண்டு, சிள்வண்டு முதலிய பூச்சிகள். கிளையில் அசையாது அமர்ந்திருந்து, பறந்து சென்று கவ்விப் பிடிக்கும். பிற பறவைகள் கூட்டமாக இரை தேடிப் போகும்போது தானும் உடன் சென்று, அவை கலைத்தெழுப்பும் பூச்சிகளையும் பிடித்துக்கொள்ளும். இதனால் நம் நெல் வயலுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நேரடியான லாபம் எதுவும் இல்லை. நிழலடர்ந்த காட்டை விட்டு அது வயலுக்கு வருவதில்லை. இல்லாத பயனைச் சொல்லி உங்களை இணங்கவைக்க நாம் முற்படவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது அதன் கூட்டை. மரங்கொத்தியைப் போல் உறுதியான அலகு தீக்காக்கைக்கு இல்லை. குட்டையும் அகலமுமான அலகு. ஆகவே பச்சை மரத்தை அதனால் துளைக்க முடியாது. கெட்டியான காய்ந்த மரத்தையும் முடியாது. நின்றபடியே உளுத்து மெத்தென்று ஆகிவிட்ட மரமோ கட்டையோதான் வேண்டும். ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய ஒரு மாத காலம் பொந்து குடையும். மெத்தை எதுவும் விரிக்காமல் மரத்தூளின்மேலேயே வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும். இரவெல்லாம் பெண் அடைகாக்கும். பகலில் சில மணி நேரம் ஆணின் முறை. 17 முதல் 19 நாட்களில் குஞ்சு பொரியும். கூட்டை விட்ட பின்னும் ஐந்தாறு மாதங்கள் தாய் தந்தையரை நம்பியே குஞ்சுகள் வாழும். ஆண்டுக்கு இரண்டு முட்டை என்றால், ஒரு கூடு அழிவது சிறு நஷ்டமன்று.

கூடு கட்டும் பருவம் பிப்ரவரி முதல் மே வரை. மழைக்கு முன்பாக விறகு சேர்க்கும் பருவமும் அதுவே. தோட்டம் துப்புரவாக இருக்க வேண்டும் என்று பட்ட மரங்களை வெட்டி அகற்றுவோரும் உண்டு. உளுத்த கட்டை அடுப்புக்கு உதவாது என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். புகை அதிகம், சூடு குறைவு. கீழே விழுந்த சுள்ளியும் கிளையும் அதனினும் நன்றாக எரியும். விறகே எடுக்காதீர்கள் என்று ஏழைக் குடும்பங்களிடம் சொல்வது நியாயமாகாது. நிற்கும் உளுத்த கட்டையை மட்டும் விட்டுவிடுங்கள் என்பதே நம் வேண்டுகோள். வீட்டின்மீதோ பாதையிலோ விழக்கூடிய மரத்தை வெட்டத்தான் வேண்டும், அதில் வாதமில்லை. பழம் தின்று விதை பரப்பும் குக்குறுவானும் இத்தகைய பட்ட மரத்தில்தான் பொந்து குடைகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

காப்புக்காட்டினுள் நடப்பது வனத்துறையின் பொறுப்பு. நம் கைக்குள் உள்ளவை ஓடைக்கரைகள், புறம்போக்குத் தோப்புகள், காட்டோடு தொடர்ந்து நிழலடர்ந்த ஏலக்காய், காப்பித் தோட்டங்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்தல் வேண்டும். அக்குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரித்தல் வேண்டும். உங்கள் ஊரில் அக்குழு பெயரளவில் இருக்கிறதா, கூடுகிறதா என்று தலைவரைக் கேளுங்கள். பதிவேட்டில் பறவையின் பெயரை எழுதுவதோடு நிற்காமல், எந்த ஓடைக்கரையில் எத்தனை உளுத்த மரங்கள் நிற்கின்றன என்பதையும் எழுதிவையுங்கள். காட்டோரம் வாழும் பழங்குடிப் பெரியோர்களையும் விறகுக்குச் செல்லும் பெண்களையும் உடன் அழைத்துச் சென்றால் அரை நாளில் கணக்கு முடிந்துவிடும். அவர்கள் அறியாத மரம் இல்லை.

ஜனவரி 26ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. அதற்குள் கணக்கு எடுத்து, அந்த மரங்களை விட்டுவைப்பதெனத் தீர்மானம் நிறைவேற்றினால், பிப்ரவரியில் தீக்காக்கை பொந்து குடையத் தொடங்கும்போது மரம் அங்கேயே நிற்கும்.