அனுப்பாத கடிதம் எங்கே இருக்கிறது?



மின்னஞ்சல் அனுப்பத் தெரியாதவர்கள் இன்று குறைவு. ஆனால் பாதி எழுதிய மின்னஞ்சல் எங்கே போய்த் தங்குகிறது என்று கேட்டால் பலரும் கையை விரிப்பார்கள். 'டிராஃப்ட்ஸ்' என்றொரு இடம் இருக்கிறது, அதில் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதோடு சரி. இப்படி எதுவுமே தானாக நடக்காத அஞ்சல் நிரல்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். மவுஸ் இல்லாமல், படங்கள் இல்லாமல், கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் நிரல்கள் அவை. பழைய சங்கதி என்று ஒதுக்கிவிட வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலை உருவாக்குகிறவர்களில் பலர் இன்றும் அவற்றில்தான் கடிதம் எழுதுகிறார்கள்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1978-இல் கர்ட் ஷோன்ஸ் என்பவர் யுனிக்ஸ் கணினிகளுக்காக 'மெயில்' என்ற நிரலை எழுதினார். முகவரியைக் கொடுத்து, தலைப்பைக் கொடுத்து, வரிவரியாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். முந்தைய வரியில் ஒரு பிழை கண்ணில் பட்டால் மேலே போய்த் திருத்த முடியாது. புதிய வரியின் தொடக்கத்தில் அலைக்குறி போட்டு, எடிட்டரைத் தனியாக வரவழைக்க வேண்டும். முடிந்ததும் கண்ட்ரோல் விசையோடு டி எழுத்தை அழுத்தினால் கடிதம் கிளம்பிவிடும். 'அனுப்பட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேட்காது.

மனம் மாறினால்? கண்ட்ரோலோடு சி. ஒருமுறை அழுத்தினால், 'இன்னொரு முறை அழுத்தினால் கடிதம் காலி' என்று எச்சரிக்கும். மறுபடி அழுத்தினால் கடிதம் போகாது. ஆனால் எழுதியது அழிந்தும் போகாது. உங்கள் சொந்தக் கோப்பகத்தில் 'டெட் டாட் லெட்டர்' என்ற பெயரில் ஒரு கோப்பாகக் கிடக்கும். கோபத்தில் எழுதி, நல்லவேளையாக நிறுத்திய எத்தனை கடிதங்கள் அந்தப் பெயரில் கிடந்திருக்குமோ!

ஏறக்குறைய அதே காலத்தில், அதே மாநிலத்தின் சான்டா மோனிகா நகரில், ரேண்ட் ஆய்வு நிறுவனத்தில் வேறொரு யோசனை பிறந்தது. ஸ்டாக்டன் கெயின்ஸ், நார்மன் ஷபீரோ என்ற இருவர் முன்வைத்த அந்த யோசனையை புரூஸ் போர்டன் நிரலாக எழுதினார். அதன் பெயர் எம்.எச். அஞ்சலுக்கென்று பெரிய நிரல் ஒன்று எதற்கு, ஒவ்வொரு கடிதமும் ஒரு சாதாரணக் கோப்பாக இருக்கட்டும், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னக் கட்டளை இருக்கட்டும் என்பதுதான் யோசனை. கடிதம் எழுத ஒரு கட்டளை, படிக்க ஒன்று, இடம் மாற்ற ஒன்று.

கடிதம் எழுதும் கட்டளைக்கு 'காம்ப்' என்று பெயர். அதைத் தட்டியதும் ஒரு வெற்றுப் படிவம் திறக்கும். பெறுநர், நகல், தலைப்பு, அதன்கீழ் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கடிதம். எழுதி முடித்து எடிட்டரை மூடினால் கடிதம் போய்விடாது. 'இப்போது என்ன செய்ய?' என்று ஒரே ஒரு கேள்வி திரையில் வந்து நிற்கும். அனுப்பு என்று சொல்லலாம். மறுபடி திருத்துகிறேன் எனலாம். ஒருதடவை முழுசாகக் காட்டு எனலாம். இது யார் யாருக்கெல்லாம் போகப்போகிறது என்று விசாரிப்பதற்கும் தனிக் கட்டளை உண்டு. எல்லோருக்கும் பதில் போடும் பொத்தானைத் தட்டிவிட்டுத் தலையில் கைவைக்கிற காலத்தில் அதன் அருமை தெரிகிறது. ஒன்றும் வேண்டாம், வெளியேறு என்றால் வரைவு அப்படியே கோப்பாக இருக்கும்.

மறுநாள் வந்து 'காம்ப்' என்று தட்டினால், 'ஏற்கெனவே ஒரு வரைவு இருக்கிறது, இத்தனை பைட், என்ன செய்யலாம்?' என்று கேட்கும். அதையே தொடரலாம், புதிதாக ஆரம்பிக்கலாம், முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அனுப்பிய பிறகும் வரைவு உடனே அழியாது. கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு காற்புள்ளி சேரும், அவ்வளவே. அடுத்த கடிதத்தை அனுப்பும்வரை அதை மீட்டெடுத்துக்கொள்ளலாம். இன்றைய அஞ்சல் செயலிகளில்கூட இந்த மரியாதையை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து 'பைன்' என்ற அஞ்சல் நிரல் வந்தது. 1995-இல் மைக்கேல் எல்கின்ஸின் 'மட்' வந்தது. இரண்டிலும் கடிதத்தை 'ஒத்திவை' என்று சொல்லலாம். ஒத்திவைத்த கடிதம் இருக்கும்போது புதுக்கடிதம் எழுதப் போனால், 'பழையதைத் தொடரவா?' என்று கேட்கும்.

இதுவரை சொன்ன வரைவுகளெல்லாம் பெரும்பாலும் நிரல் ஓடும் கணினியிலேயே கோப்பாக இருந்தவை. அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் என்ற நெறிமுறை பரவியதும் வரைவு சர்வருக்குக் குடிபோனது. வீட்டில் தொடங்கி அலுவலகத்தில் முடிக்கலாம், வசதிதான். ஆனால் ஐமேப்பில் ஒரு கறாரான விதி உண்டு. சர்வரில் ஏறிய அஞ்சலின் வாசகத்தை யாரும் மாற்ற முடியாது. படித்தது, வரைவு, நீக்க வேண்டியது என்று அடையாளக்குறிகளை மட்டும் மாற்றலாம். அப்படியென்றால் வரைவில் ஒரு கமாவைத் திருத்தினால்? முழுக் கடிதத்தையும் புதிதாக ஏற்றி, பழையதை நீக்க வேண்டும். ஏற்றிய பிறகு, நீக்குவதற்கு முன் இணைப்பு அறுந்தால் இரண்டும் தங்கிவிடும். உங்கள் டிராஃப்ட்ஸில் ஒரே கடிதம் நாலைந்து நிலைகளில் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருந்தால், இதுதான் பெரும்பாலும் காரணம். வரைவுப் பெட்டிக்கு எல்லாச் சர்வர்களும் ஒரே பெயர் வைக்காததால், இரண்டு நிரல்கள் ஆளுக்கொரு பெட்டி திறந்த கூத்தும் நடந்தது. எந்தப் பெட்டி வரைவுக்கானது என்று சர்வரே அடையாளம் சொல்லும் விதி 2011-இல்தான் வந்தது.

சர்வரில் இருப்பதைக் கடவுச்சொல் தெரிந்த யாரும் படிக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் இயக்குநர் டேவிட் பெட்ரேயஸ் 2012-இல் பதவி விலகியபோது, அவரும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண்மணியும் ஒரே கணக்கில் அனுப்பாத வரைவுகளாக எழுதிவைத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததாகச் செய்திகள் வந்தன. அனுப்பாவிட்டால் தடயம் இருக்காது என்ற நினைப்பு. வரைவும் சர்வரில் கிடக்கிற கோப்புதானே!

இனி கறுப்புத் திரைக்கே திரும்புவோம். தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கட்டளை வரியில் ஒரு தொல்லை இருக்கிறது. அந்தத் திரை, அதாவது டெர்மினல், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவு கட்டம் ஒதுக்கும். 'கொ' என்று தட்டினால் பல டெர்மினல்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும். நான் சொல்லும் வழி இது: கடிதத்தை உங்களுக்குப் பழகிய எடிட்டரில் எழுதி யூ.டி.எஃப்-8 கோப்பாகச் சேமியுங்கள். மேலே பெறுநரும் தலைப்பும், ஒரு வெற்று வரி, அதன்கீழ் கடிதம். மட் நிரலுக்கு அந்தக் கோப்பையே வரைவாகக் கொடுக்கலாம். திரையில் சிதறித் தெரிந்தாலும் போய்ச் சேருமிடத்தில் சரியாகவே இருக்கும்.

மட் நிரலில் இன்னொரு வசதியும் உண்டு. கடிதத்தில் 'அட்டாச்' என்ற சொல் இருந்து, கோப்பு எதையும் இணைக்காமல் அனுப்பப் போனால் அது தடுத்துக் கேட்கும். இதை நாமே அமைப்புக் கோப்பில் இயக்கிவைக்க வேண்டும். எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்பதும் நம் கையில்தான். 'இணை' என்று சேர்த்துவிட்டால் 'இணைப்பு', 'இணைத்துள்ளேன்' எல்லாம் சிக்கிவிடும். 'குடும்பத்தோடு இணைந்து வருகிறோம்' என்று கல்யாணத்துக்குப் பதில் எழுதினாலும், 'இணைப்பு ஏதும் இல்லையே, நிறுத்தவா?' என்று கேட்கும். வேண்டாம், அனுப்பு என்று சொல்லிவிடுங்கள்.