அடக்கமான பொண்ணு பேசுகிறேன்



சுவாபெத்தோங், லாபு, பிரட்வால், லிங்கி என்று திசைக்கொரு ரப்பர் தோட்டமாக இருந்து இன்று சிரம்பானிலும் நீலாயிலும் சிதறிக் கிடக்கிற நாம், வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிற மேடை இது. பழைய கதை பேசு என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பேசுகிறேன். எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அது தெரிந்தது.

"கார் ஓட்டுது, கணக்கு வேலை பாக்குது, மைக் பிடிச்சுப் பேசுது, இதுக்கா?" என்று மூன்றாவது வரிசையில் ஓர் அக்கா கேட்பது எனக்குக் கேட்கிறது. என் காது அப்படி. மன்னிக்கணும் அக்கா.

ஆட்டிசம் நடுவயதில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை, பிறவியிலேயே இருப்பது. அதனால்தான் பெரியவர்களைப் பரிசோதிக்கும்போதும் பிள்ளைப் பருவத்தைக் கேட்கிறார்கள். நான் அம்மாவை அழைத்துப் போனேன். "சின்ன வயசுல எப்படிம்மா?" என்று உளவியலாளர் கேட்டார். அம்மா பெருமையாகச் சொன்னார்: "தங்கமான புள்ள. யாரையும் ஏறெடுத்துப் பாக்காது. அடக்கமான பொண்ணு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கித்தாக் கொட்டையப் பொறுக்கியாந்து லயத்து வாசல்ல அடுக்கும். ஒண்ணு கலைஞ்சாலும் அன்னிக்குச் சோறு இறங்காது" என்றார்.

அந்தக் கொட்டைகளை நீங்களும் பொறுக்கியிருப்பீர்கள். தரையில் உரசி, சூடேற்றி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்திருப்பீர்கள். ஒரு மரத்துக் கொட்டைகளுக்கெல்லாம் ஒரே வடிவம், தோலில் ஒரே மாதிரிப் புள்ளி. கொட்டையைப் பார்த்தே மரத்தின் ரகத்தைச் சொல்கிற வழக்கம் ரப்பர் ஆராய்ச்சியிலும் உண்டு. நான் எந்தக் கொட்டை எந்த மரத்தடியில் விழுந்தது என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி நிலையத்தில் செய்தால் சம்பளம். லயத்தில் செய்தால் கிறுக்கு!

லியோ கேனர் என்ற மருத்துவர் 1943-இல் அமெரிக்காவில் ஆட்டிசத்தைப் பற்றி எழுதியபோது 11 பிள்ளைகளைச் சொன்னார். அவர்களில் பெண் பிள்ளைகள் 3 பேர்தான். பெண்களிடம் இதைக் கவனிக்கத் தவறியதை உலகம் பின்னாளில் ஒப்புக்கொண்டது. நம் வீட்டில் கண்ணுக்கு இன்னொரு திரையும் உண்டு. முகம் பார்த்துப் பேசாததை மருத்துவர்கள் ஓர் அறிகுறியாக எழுதிவைத்தார்கள். நம் வீட்டிலோ பெரியவர்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசினால் 'திமிரு புடிச்சவ'. பையன் ஒதுங்கி உட்கார்ந்தால் கோடாங்கியிடம் கூட்டிப் போவோம். பெண் ஒதுங்கி உட்கார்ந்தால் வரன் பார்ப்போம். பாராட்டிப் பாராட்டியே எத்தனை பெண்களைக் காணாமல் அடித்துவிட்டோம்! கல்யாண வீட்டுக்குப் போகுமுன் யாரிடம் என்ன பேசுவது, எங்கே சிரிப்பது என்று மனப்பாடம் செய்துகொண்டு போய், மறுநாள் முழுக்க இருட்டறையில் படுத்துக் கிடக்கும் பெண்ணை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அவள் கதவைச் சாத்தியிருப்பாள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பால்வெட்டுத் தாத்தா இருந்தார். விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்; யாரிடமும் பேச மாட்டார். அவர் பால்வெட்டும் மர வரிசையை, அதாவது நிரையை, மாற்றிக் கொடுத்தால் மட்டும் அழுதுவிடுவார். அவருக்கு ஆட்டிசம் என்று நான் சொல்லவில்லை, செத்தவருக்குச் சீட்டு எழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கங்காணி அவர் நிரையில் கைவைப்பதை விட்டுவிட்டார். அன்பினால் இல்லை, பால் குறையக்கூடாதே என்றுதான். தோட்டத்தைச் சொர்க்கம் என்று பாட நான் வரவில்லை. அந்தத் தாத்தாவைப் பிள்ளைகள் கல்லால் அடித்ததும் எனக்குத் தெரியும். இருந்தாலும், விடிகாலை, தனிமை, தினமும் அதே மரங்கள் என்று அவருக்கு ஓர் இடம் இருந்தது. கித்தாக்காடு செம்பனையாகி, செம்பனை தாமான் குடியிருப்பாகி, நாம் டவுனுக்கு வந்தபோது அந்த இடமும் போய்விட்டது. இங்கே நேர்முகத் தேர்வில் சிரிக்கத் தெரிய வேண்டும்.

அப்படி ஓர் இடம் கிடைத்தவர், கேனர் எழுதிய முதல் பிள்ளையான டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பியில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் வங்கி வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, 2023-இல் 89 வயதில் காலமானார். ஊர் அவரை அவர் போக்கில் ஏற்றுக்கொண்டது. வங்கி அவர் குடும்பத்துடையது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நம்மில் யாருக்குச் சொந்த வங்கி இருக்கிறது?

எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் முதலில் கோபம்தான் வந்தது, போன வருஷங்களை நினைத்து. பிறகு ஒரு பெரிய நிம்மதி. நான் கெட்டுப்போன சாதாரணப் பெண் இல்லை, நல்லபடியாக இருக்கிற ஆட்டிசக்காரி. இப்போது ஆபீசில், "போனில் சொல்லாதீர்கள், எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்குகிறேன். சந்தைக்குக் காதடைப்பான் போட்டுக்கொண்டு போகிறேன். என்னைக் குணப்படுத்த யாரும் வேப்பிலை எடுக்க வேண்டாம்.

மலேசியாவில் 2008-ஆம் ஆண்டிலேயே மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. கார்டுக்கு ஆட்டிசக்காரர்களைக் கற்றல் பிரச்சினை உள்ளவர்கள் பட்டியலில்தான் சேர்க்கிறார்கள். வகுப்பில் முதலாவதாக வந்த எனக்கு அது சிரிப்பாக இருக்கிறது. இருந்தாலும் கார்டு நம் உரிமை, வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். நாசோம் என்ற தேசிய ஆட்டிசச் சங்கத்தைப் பெற்றோர்களும் நிபுணர்களும் 1986-இல் தொடங்கினார்கள். அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். நாம் இன்னும் குழந்தைகளைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கோயில் கமிட்டித் தலைவர் முன்வரிசையில் இருக்கிறார். ஐயா, வரும் திருவிழாவில் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. மண்டபத்தின் பின்னால் சாமான் போட்டு வைத்திருக்கும் அறையைக் காலி செய்து, ஒரு விசிறியும் நாலு நாற்காலியும் போட்டுத் திறந்து வையுங்கள். சத்தம் தாங்காதவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடியும் சாமி பார்க்க வருவார்கள். அந்த அறைக்கு நான் பொறுப்பு. இன்றைக்கே பதில் சொல்லுங்கள்.