ஆள் எடுக்கும் வாசலில் யார் நிற்பது?

(நன்னிலத்தில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் ஊர்ப் பிள்ளைகள் படிப்பை முடித்ததும் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள். ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறான். ஒருத்தி திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைக்குப் போகிறாள். இன்னொருவன் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைக்குப் போகிறான். இங்கே வயலில் அறுப்பை இயந்திரம் செய்கிறது. நடவுக்குப் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். நம் பிள்ளை ரயிலேறுகிறான், வடநாட்டுப் பிள்ளை ரயிலைவிட்டு இறங்குகிறான். இரண்டு பேரையும் கூட்டிப் போகிறவர் ஒரே ரகம்தான். அவருக்கு ஏஜெண்டு என்று பெயர், காண்டிராக்டர் என்று பெயர்.

வேலை தேடுவது எப்படி, முன்னுக்கு வருவது எப்படி, தலைவனாவது எப்படி என்று புத்தி சொல்லும் புத்தகங்கள் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. சுத்தமாக உடுத்து, நேரத்துக்குப் போ, பணிவாகப் பேசு என்கின்றன. கெட்ட புத்தியென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் உன்னை வேலைக்கு எடுப்பவன் யார், எந்தக் கணக்கில் எடுக்கிறான், நினைத்தபோது வெளியே தள்ளும் அதிகாரம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விகள் அந்தப் புத்தகங்களில் இல்லை. இன்று நாம் இதைத்தான் பேசப் போகிறோம்.

நாம் சொல்ல வந்த விஷயம் ஒன்றே. கூலி எவ்வளவு என்பது களத்தில் தீர்மானமாவதில்லை, சம்பள நாளன்று தீர்மானமாவதில்லை. ஆள் எடுக்கும் வாசலிலேயே அது முடிந்துவிடுகிறது. அந்த வாசலில் தன்னந்தனியாக நிற்பவன் தன் விலையைத் தானே சொல்ல முடியாது.

பண்ணையாள் கண்ட சட்டம்

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் தஞ்சைத் தரணியே சாட்சி. அந்தக் காலத்தில் பண்ணையாள் வேலை கேட்டுப் போனதில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அவனைப் பண்ணையில் கட்டிப் போட்டது. அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் அதே பண்ணைக்கு ஆட்கள். அடித்தால் சவுக்கடி, மீறினால் சாணிப்பால்.

1943-ல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் கண்டார்கள். தாய்மொழி கன்னடமான தோழர் பி. சீனிவாசராவ் இந்த மக்களோடு மக்களாக நின்றார். 1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் நிற்க வேண்டும் என்று மிராசுதாரர்கள் ஒப்புக்கொண்டார்கள். தனியொரு பண்ணையாள் நூறு வருஷம் கெஞ்சியிருந்தாலும் இது கிடைத்திருக்குமா?

1952-ல் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்கக் கூடாது, இவ்வளவு கூலி அளக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. பெரிய வெற்றிதான். பிறகு நடந்தது என்ன? மிராசுதாரர்கள் பலர் பண்ணையாள் வைத்துக் கொள்வதையே விட்டுவிட்டார்கள். “இனி நீ பண்ணையாள் இல்லை, வேலை இருக்கும் அன்றைக்கு வா, கூலி வாங்கிக்கொண்டு போ” என்றார்கள். சட்டம் பண்ணையாளைப் பாதுகாத்தது. மிராசுதாரர் தினக்கூலியை எடுத்துக்கொண்டார். உள்ளே இருப்பவனுக்குக் கிடைத்த உரிமை, வாசலில் நிற்பவனுக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பாடத்தை ஆலைத் தொழிலாளத் தோழர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு உரிமை கிடைத்ததும் முதலாளி என்ன செய்தார்? நிரந்தரம் வைப்பதைக் குறைத்தார், காண்டிராக்ட் ஆளை உள்ளே விட்டார். 1952-ல் மிராசுதாரர் கையாண்ட வித்தை அதேதான். களம் மாறியது, வித்தை மாறவில்லை.

கங்காணி, மேஸ்திரி, காண்டிராக்டர்

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஓடிய காலத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மலேயா ரப்பர்த் தோட்டத்துக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் அந்நியரல்ல. நம் ஊர்க்காரர், நம் பாஷைக்காரர், பல சமயம் நம் சொந்தக்காரர். அதுதான் சூட்சுமம். தோட்டத்துரை முன்பணம் கொடுப்பார். அது கங்காணி கையில் போய்த் தொழிலாளி தலையில் கடனாக ஏறும். எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்குக் கங்காணிக்குத் தலைக்காசு. இலங்கையில் துண்டு என்று ஒரு முறை இருந்தது. இந்த ஆட்களின் கடனைக் கட்டுகிறவரிடம் இவர்களை விடுகிறோம் என்று எழுதிய சீட்டு அது. ஒரு சீட்டில் மனிதக் கூட்டம் கைமாறியது! 1921-ல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டை ஒழித்தார்கள். மலேயாவுக்குக் கூலிகளை ஏற்றுவதை இந்திய சர்க்கார் 1938-ல் தடுத்தது.

ஆலைகளில் இதே வேலையை மேஸ்திரி செய்தார். வேலை வேண்டுமா, அவருக்கு மாமூல். வேலை நிலைக்க வேண்டுமா, மறுபடி மாமூல். 1931-ல் வெளிவந்த இந்தியத் தொழிலாளர் ராயல் கமிஷன் அறிக்கையே, ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் மேஸ்திரிக்கு அதிகாரம் இருக்கக் கூடாது என்று சொன்னது. சொன்னவர்கள் சங்கத்துக்காரர்களல்ல, வெள்ளைக்கார சர்க்கார் நியமித்த கமிஷன்!

சுதந்தரத்துக்குப் பிறகு இது போய்விட்டதா? 1982-ல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிடங்கள் எழுந்தன. அங்கே தொழிலாளியின் ஒரு நாள் கூலியிலிருந்து ஜமேதார் ஒரு ரூபாயைத் தன் கமிஷனாகப் பிடித்துக்கொண்டது சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டம் தடுத்திருக்கும் கட்டாய உழைப்பே என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தோழர்களே, இந்தத் தீர்ப்பை மனப்பாடம் செய்து வையுங்கள். “நீயாகத்தானே சம்மதித்து வந்தாய்” என்று காண்டிராக்டர் சொல்லும்போது, அதற்குப் பதில் இதில் இருக்கிறது. பசியால் ஒப்புக்கொண்டது சம்மதமாகாது.

நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று வந்ததே, அது என்ன? பெண் பிள்ளை மூன்று வருஷம் விடுதியில் தங்கி உழைக்க வேண்டும், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்றார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பிய பெண்கள் பலருக்கு அந்தப் பணம் கைக்கு வரவில்லை. பண்ணையாளைக் கட்டியது கல்யாணக் கடன். இந்தப் பெண்ணைக் கட்டியது கல்யாண ஆசை. கயிறு ஒன்றுதான்.

முறை வைத்து ஆள் எடுத்தால்

வேறு வழி இல்லையா? இருக்கிறது, நடந்தும் இருக்கிறது. லண்டன் துறைமுகத்தில் ஒரு காலத்தில் காலையில் கூட்டமாகத் தொழிலாளர்கள் நிற்பார்கள். மேஸ்திரி விரலை நீட்டியவனுக்கு மட்டும் அன்றைக்குச் சோறு. ஒருவனை ஒருவன் தள்ளி மிதித்துக்கொண்டு முன்னே போவார்கள். 1889-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டார்கள். அத்துடன், கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேர வேலை கொடு என்றும் கேட்டு, இரண்டையும் வாங்கினார்கள்.

நம் நாட்டில் 1948-ல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் வந்தது. பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் வாரியங்கள் அமைந்தன. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் ஏறியது. முறை வைத்து வேலை கிடைத்தது. வந்து நின்றும் வேலை இல்லாத நாளுக்கு வருகைப் படி கிடைத்தது. இதில் என்ன மந்திரம்? ஆளைப் பொறுக்கும் அதிகாரம் மேஸ்திரியின் விரலிலிருந்து பதிவேட்டுக்குப் போனது. அவ்வளவுதான்! அதன் பிறகு தொழிலாளி யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை.

கிளம்புமுன் கேளுங்கள்

இனி வேலைக்குக் கிளம்பும் இளைஞர்களுக்குச் சில வார்த்தை.

முதலாவது, எழுத்தில் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று அவை சொல்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அதே தொகுப்பு இன்னொன்றும் செய்திருக்கிறது. 20 காண்டிராக்ட் ஆட்கள் இருந்தாலே சட்டம் பாயும் என்றிருந்ததை 50 ஆக்கிவிட்டது. ஒரு கையால் காகிதம் தந்து, மறு கையால் பெரிய கதவொன்றைத் திறந்துவிட்டார்கள். 1952-ன் பாடம் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது, சம்பளம் கொடுப்பது ஆலையா, காண்டிராக்டரா என்று கேளுங்கள். காண்டிராக்டர் என்றால் அவர் பெயர், விலாசம், லைசென்ஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பி.எப்., இ.எஸ்.ஐ. எண் கேளுங்கள். சம்பளத்தில் பிடித்த காசு உங்கள் கணக்கில் ஏறியதா என்று மாதாமாதம் பாருங்கள். பிடிப்பதும் கட்டாமல் விடுவதும் பல இடத்தில் நடக்கிறது.

நான்காவது, பள்ளிச் சான்றிதழின் அசலை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நகல் கொடுங்கள். அசலைக் கேட்பவர் உங்களை வேலைக்கு எடுக்கவில்லை, அடகுக்கு எடுக்கிறார்.

ஐந்தாவது, முன்பணத்துக்குக் கை நீட்டுமுன் பத்து முறை யோசியுங்கள். கொத்தடிமை முறையை 1976-ம் வருஷச் சட்டம் ஒழித்துவிட்டது. அப்படிப்பட்ட கடனும் அதோடு செத்தது. ஆனால் சட்டத்தில் செத்தது மனதில் உயிரோடு இருக்கிறது. “வாங்கினோமே, எப்படி விட்டு வருவது” என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். அந்த நாணயத்தைத்தான் ஏஜெண்டு மூலதனமாக வைத்திருக்கிறார்.

கடைசியாக, தனியாகப் போகாதீர்கள். நாலு பேராகப் போங்கள். போன இடத்தில் சங்கம் எங்கே என்று முதல் வாரமே விசாரியுங்கள்.

முன்னேற்றம் எது, தலைவன் யார்?

முன்னுக்கு வரக்கூடாது என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ. போங்கள். அறுவடை இயந்திரம் வந்துவிட்டது என்று மூக்கைச் சிந்திக் கொண்டிராமல், அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் நம் பிள்ளைகளும் பெண்களும் கற்க வேண்டும். கைத்தேர்ச்சி உள்ளவன் வாசலில் சற்று நிமிர்ந்து நிற்கிறான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம்மில் புத்திசாலி ஒருவன், பேசத் தெரிந்த ஒருவன் தலையெடுத்தால், முதலாளி உடனே அவனைக் கண்டுகொள்கிறார். “நீ இருபது பேரைக் கூட்டி வா, தலைக்கு இவ்வளவு தருகிறேன்” என்கிறார். கங்காணி அப்படித்தான் உண்டானான். இருபது பேருக்கு முன்னால் நடப்பதால் ஒருவன் தலைவனாகிவிட மாட்டான். அவனுக்குக் காசு எந்தக் கையிலிருந்து வருகிறது, அவன் கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறது என்று பாருங்கள். முதலாளியிடம் மட்டும் கணக்குக் காட்டுபவன் கங்காணி. தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் கணக்குக் காட்டுபவன் தலைவன். மேற்பார்வையாளர் வேலை கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். தலைக்காசு மட்டும் வாங்காதீர்கள்.

மணலூர் மணியம்மையை இந்த மண் மறக்காது. வசதியான பிராமணக் குடும்பத்தில் பிறந்த விதவை அவர். கிராப்பு வைத்து, வேட்டி கட்டி, சேரிக்குள் போய் உழைப்பாளரோடு நின்றார். யாரும் அவரை நியமிக்கவில்லை. ஜனங்கள் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டார்கள். நம் சங்கங்களில் நடவு நடும் பெண்கள் எத்தனை பேர் நிர்வாகத்தில் இருக்கிறார்கள்? கணக்கு நோட்டு எத்தனை பேர் கைக்குப் போகிறது? ஒரே ஆள் பத்து வருஷம் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்களின் நாக்கு மரத்துப் போகும். ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கும் ஒரு புது இளைஞனை, ஒரு புதுப் பெண்ணைக் கூட்டிப் போங்கள். தலைமை அப்படித்தான் வளரும்.

வந்தவன் பகைவனல்ல

முடிக்குமுன் ஒரு விஷயம். நடவுக்கு வரும் வடநாட்டுத் தொழிலாளரைப் பார்த்து நம்மில் சிலர் பல்லைக் கடிக்கிறார்கள். கூலி குறைகிறது என்ற ஆத்திரம் நமக்குப் புரிகிறது. வெளியாட்களை இறக்கி உள்ளூர்ச் சங்கத்தை உடைப்பது இங்கே பழைய தந்திரம். கீழத்தஞ்சையில் 1960-களில் கூலித் தகராறு முற்றியபோது அதையே செய்தார்கள். அந்தப் பகை 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் தீயாக வந்தது. ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் கருகின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

அந்தத் தியாகிகளின் பெயரால் கேட்கிறோம். கூலியைக் குறைத்தவன் வந்த ஏழையா, அவனை அழைத்து வந்த கையா? நம் பிள்ளை திருப்பூரில் வெளியூரான். அவனை அங்கே எப்படி நடத்த வேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படி இவனை இங்கே நடத்துவோம். வரப்பில் அவனோடு உட்காருவோம். அரைகுறைப் பாஷையிலாவது கேட்போம்: உனக்கு என்ன கூலி? ஏஜெண்டு எவ்வளவு பிடிக்கிறான்? நம் கூலியும் அவன் கூலியும் ஒன்றாகட்டும். அப்போது அவனைத் தூரத்திலிருந்து கொண்டுவருவதில் யாருக்கும் லாபம் இராது.

ஆகவே ஊருக்கு ஊர் நம் சங்கம் ஒரு பதிவேடு திறக்க வேண்டும். வயலுக்குப் போகிறவர், ஆலைக்குப் போகிறவர், வெளியூரிலிருந்து வந்திருப்பவர், எல்லார் பெயரும் அதில் ஏறட்டும். யார் எங்கே, யாரிடம், என்ன கூலிக்குப் போனார் என்பது சங்கத்துக்குத் தெரிந்திருக்கட்டும். ஆள் எடுக்கும் வாசலில் இத்தனை நாள் ஏஜெண்டு நின்றார். இனி அங்கே சங்கம் நிற்கட்டும். இந்த வாரமே முதல் பெயரை எழுதுங்கள், தோழர்களே!