கடல் கடந்தவன் பட்ட கடன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் வெற்றி பெறுவது எப்படி என்று பேசச் சொல்லிச் சங்கச் செயலாளர் கேட்டார். பத்து வருடத்துக்கு மேலாக ஷார்ஜாவில் குப்பை கொட்டுகிறேன். அந்த வெற்றியைப் பற்றி உங்களுக்கே தெரியும். ஆகவே நான் தோற்ற கதை ஒன்றைச் சொல்கிறேன் என்றேன். அவரும் பெருந்தன்மையோடு சரி என்றார்.

நான் 2009-ல் இ.இ.இ. முடித்தவன். ஊர் படப்பை. அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். நம் துறையில் நாலு வருடம் படித்த பாதுகாப்புப் பாடத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "லைன் கட் ஆயிடுச்சுன்னு எவன் சொன்னாலும் நம்பாதே. நீயே பார்த்து, எர்த் ராடு போட்டப்புறம் கை வை." ஏ.பி. சுவிட்சைத் திறந்தாகிவிட்டது, எல்.சி. கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னாலும், எர்த் ராடு போடாமல் அவர் கம்பியைத் தொட்டதில்லை. முப்பத்து மூன்று வருட வேலையில் அவருக்கு ஒரு விபத்து கூட நேரவில்லை.

அப்படிப்பட்டவரின் மகன் நான், வாரா வாரம் போனில் "எப்படிப்பா இருக்கீங்க?" என்பேன். "நல்லா இருக்கேன்" என்பார். நம்பிவிடுவேன். இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. மாடி ஏறும்போது நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இது எனக்குத் தெரிய வந்தது, அவர் போன பிறகு.

2020 ஏப்ரல் 20. விடியற்காலை மாரடைப்பு. நீங்கள் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 22-லிருந்தே வெளிநாட்டு விமானங்கள் இந்தியாவில் இறங்கத் தடை. உள்ளூரிலும் ஊரடங்கு. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடாது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக, திருமணம், மரணம், மருத்துவம் என்று மூன்றே காரணங்களுக்குத்தான் அனுமதிச் சீட்டு.

அக்கா வீடு மேற்குத் தாம்பரம். படப்பைக்கு அரை மணி நேரப் பயணம். ஆனால் 2019 நவம்பரில் மாவட்டத்தைப் பிரித்ததில் தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், படப்பை காஞ்சிபுரம் மாவட்டம் என்று ஆகிவிட்டது. அக்காவும் மாமாவும் ஸ்கூட்டரில் வந்தார்கள். வழியில் மறித்த போலீஸ்காரரிடம் அக்கா அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்ல, "போம்மா" என்று விட்டுவிட்டாராம்.

கொள்ளி வைக்க யார் என்ற கேள்வி வந்தது. வாலாஜாபாத் பக்கம் இருக்கும் பெரியப்பா, "பங்காளி வீட்டுப் பையன் எவனையாவது கூப்பிடுங்க" என்று போனில் சொன்னார். யார் வருவது, எப்படி வருவது? "நான் வைக்கிறேன்" என்றாள் அக்கா. எங்கள் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டு வாசலை மிதித்ததில்லை. அவள் மிதித்தாள்.

மாமா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எனக்குக் காட்டினார். நான் ஷார்ஜாவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். அக்கா குனிந்தாள். படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது புகை மட்டும்தான். மின்னியலும் மின்னணுவியலும் படித்தவன் என்ற பெருமையெல்லாம் அன்றோடு போயிற்று.

'வந்தே பாரத்' திட்டத்தில் முதல் விமானங்கள் மே 7-ல்தான் கிளம்பின. ஒன்று அபுதாபியிலிருந்து கொச்சிக்கு, இன்னொன்று துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கு. அதற்குள் அப்பாவின் பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. பிறகு கிளம்பலாம் என்றால், போனால் திரும்ப வர முடியுமா, வேலை இருக்குமா என்ற பயம். உண்மையைச் சொல்கிறேன், பயம்தான். நவம்பரில், நிவர் புயலுக்கு முந்தைய வாரம்தான் வந்து சேர்ந்தேன்.

விமான நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை, வண்டலூரில் திரும்பி வாலாஜாபாத் சாலை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இரண்டு பக்கமும் வயலும் ஏரியுமாக இருந்த வழி. ஒரகடத்துக்குத் தொழிற்சாலைகள் வந்த பிறகு லாரிகளும் மனை விற்பனைப் பலகைகளும்தான். அப்பா நாற்பதாயிரத்துக்கு வாங்கி வீடு கட்டிய மனையின் இன்றைய விலையை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். இனி சொல்லப்போவது அந்த விலையால் வந்த வினை.

என் பையில் ஒரு பத்திரத்தின் நகல் இருந்தது. விடுதலைப் பத்திரம். அம்மாவும் அக்காவும் தங்கள் பாகத்தை எனக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதியது. "வீடு ஒரே பேரில் இருந்தாத்தான் பேங்க் லோன் போட்டு மாடி கட்டலாம். அவளுக்குத்தான் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சே" என்று உறவினர்கள் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் அக்கா வந்தாள். சாப்பாடு போட்டாள். நான் பத்திரத்தை எடுத்து நீட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கேடா போடணும்?" என்றாள்.

"படிச்சுப் பாருக்கா."

"நீ படிச்சிருப்பே இல்ல? அப்புறம் என்ன?"

நண்பர்களே, அந்த வார்த்தையில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். போனில் "நல்லா இருக்கேன்" என்று அப்பா சொன்னதை நான் நம்பியது போல, அவள் என்னை நம்பினாள். இந்தக் கல்லூரியில் என் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்காக அடகுக் கடைக்குப் போனது அவளுடைய வளையல். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் அவள். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவளும் அவள்தான். கையெழுத்துக் கேட்டு ஏழு மாதம் கழித்து வந்து நிற்பவன் நான்.

பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தேன். "பேனா எழுதலைக்கா" என்று பொய் சொன்னேன்.

அதன் பிறகு ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். அவரிடம் தெரிந்துகொண்டதை மாணவர்கள், குறிப்பாக மாணவியர், கவனமாகக் கேட்க வேண்டும். தந்தை சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, உயில் இல்லாவிட்டால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பாகம். கல்யாணச் செலவைக் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமே இல்லை. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டு வந்தது. 2005-ல் நாடு முழுமைக்கும் வந்தது. அப்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 11-ல், வினீதா சர்மா வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அப்பா போய் நாலு மாதம் கூட ஆகவில்லை. நாளிதழில் செய்தி வந்தது. நான் படிக்கவில்லை.

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா போட்டோம். பெரியப்பா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அக்கா, "எதுக்குடா இதெல்லாம்?" என்று திட்டினாள். பட்டாவை வாங்கிப் பார்த்தபோது மட்டும் தன் பெயர் இருந்த வரியை விரலால் தடவினாள். மாடி இன்னும் கட்டவில்லை. வீடு ஒழுகவும் இல்லை.

வெளிநாடு போகப் போகும் தம்பி தங்கையருக்கு மூன்று விஷயங்கள். ஒன்று, அப்பா அம்மா இருக்கும்போதே காகிதங்கள் எங்கே இருக்கின்றன, என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். அபசகுனம் என்று தள்ளாதீர்கள். இரண்டு, அப்பா எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் கையில் இருக்கிறதே என்று இருக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவர் காலமானால் பொதுவாக அந்தப் பவரும் அதோடு முடிந்தது. மூன்று, "நல்லா இருக்கேன்" என்ற பதிலோடு போனை வைக்காதீர்கள். மாத்திரை தீர்ந்துவிட்டதா, மாடி ஏற முடிகிறதா என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். எர்த் ராடு போட்டுப் பாருங்கள்.

நாம் அங்கே நிம்மதியாக வேலை பார்க்கிறோம் என்றால், நமக்குப் பதிலாக இங்கே ஓர் அக்காவோ தம்பியோ மருத்துவமனை வாசலில் நிற்கிறார்கள் என்று பொருள். மாதா மாதம் பணம் அனுப்புவதால் அந்தக் கடன் தீராது. குறைந்தபட்சம், அவர்களுக்கு உரியதை நாம் எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.