இருதய வால்வும் ஏழை வீடும்

(அன்னவாசலிற் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று இவ்வவையிற் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. ஆயினும் இருபதாண்டுகளாகப் பிள்ளைகளோடு ஓரறையில் இருந்து வாழும் எமக்கு, அவர்தம் மூச்சு இரைக்குங்கால் அவ்வோசை காதில் விழாமற் போவதில்லை. செயலாளர் முதலில் எமக்குக் குறித்த பொருள் வேறு. இப்பொருளை யாமே கேட்டுப் பெற்றோம்.

இருதயத்தில் அறைக்கும் அறைக்கும் இடையிலும், பெருங்குழாய்களின் வாயிலிலுமாக, மெல்லிய இதழ்களாலாய நான்கு அடைப்புகள் உள. குருதி முன்னோக்கிச் செல்ல வழிவிட்டு, சென்றது திரும்பாதவாறு மூடிக்கொள்வதே அவற்றின் தொழில். இவற்றிற்குக் கபாடம் என்று பெயரிடலாம். ஆயினும் கிணற்று மோட்டாருக்கு வால்வு மாட்டும் நம்மூர் உழவர் அச்சொல்லை நம்மினும் நன்கறிவராதலின், யாமும் வால்வு என்றே வழங்குவோம். ஓராண்டில் மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட முறை இவை திறந்து மூடுகின்றன.

இவ்வால்வு முதுமையிற் கெடுதல் உலகெங்கும் உண்டு. இளமையிலேயே கெடுதல் பெரும்பாலும் ஏழை வீட்டில்தான். ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைக்குத் தொண்டை நோவு வருகின்றது. ஒருவகைக் கிருமி அதற்குக் காரணம். தாய் உப்புநீர் கொப்பளிக்கச் சொல்கின்றாள். சுக்குக் கஷாயம் தருகின்றாள். நோவு தானே நீங்கிவிடுகின்றது. இரண்டு மூன்று வாரங் கழித்துக் காய்ச்சலும், ஒரு மூட்டு விட்டு மறுமூட்டு வீங்குதலும் தோன்றும். இதுவே வாதக் காய்ச்சல். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படை, பகையைச் சேர்ந்ததென மயங்கித் தன் இருதயத்தையே தாக்குதலால் நேர்வது இது. மூட்டு வீக்கம் வடுவின்றி ஆறிவிடும். வால்வோ தழும்பேறிச் சுருங்கும். பத்தாண்டு, பதினைந்தாண்டு கழித்து, மாடிப்படி ஏறவியலாது, படுத்தால் மூச்சு முட்டி அப்பிள்ளை எழுந்து உட்காரும்போதுதான் வீட்டார் அறிவர்.

தொண்டை நோவு தோன்றிய ஒன்பது நாளுக்குள் பெனிசிலின் கொடுத்தால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பது வைத்தியர் கண்ட உண்மை. ஒரு முறை அக்காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்திற்கொருமுறை பெனிசிலின் ஊசி தவறாது இடல்வேண்டும். இருபத்தோரு வயது வரையிலேனும், வால்வு கெட்டவர்க்கு நாற்பது வயது வரையிலும், சிலர்க்கு வாழ்நாள் முழுதும். ஐரோப்பிய நாடுகளிற் பெனிசிலின் பரவுமுன்னரே, நெரிசலற்ற வீடும் நல்லுணவும் வந்தமையாற்றானே இந்நோய் குன்றத் தொடங்கிற்று. செல்வ நாடாகிய நியூசிலாந்தில் மாவோரி மக்களிடையிலும், ஆஸ்திரேலியாவிற் பழங்குடியினரிடையிலும் இன்றும் இது நீங்கவில்லை. ஓரறையில் எழுவர் உறங்கும் வீடு எந்நாட்டில் இருப்பினும் அங்கே இது புகும்.

இனி, கெட்ட வால்வை மாற்றும் வரலாற்றைக் கேண்மின். அமெரிக்காவில் 1960 இல் ஸ்டார் என்னும் இரண வைத்தியரும் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் கூடிச் செய்த செயற்கை வால்வு மனித இருதயத்திற் பொருத்தப்பட்டது. அதன்பின் பல்லாண்டுகள் இந்தியாவில் இவ்வால்வு கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. விலையோ ஏழையர் எண்ணிப் பார்க்கவும் இயலாதது. திருவனந்தபுரத்துச் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்திற் பணியாற்ற 1974 இல் வந்த டாக்டர் வலியத்தான் அவர்கள், நம் நாட்டிலேயே வால்வு செய்யத் துணிந்தார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் ஈந்த சாடெல்மண்ட் அரண்மனையில் அவ்வாராய்ச்சி நடந்தது. முதலிற் செய்த மாதிரிகள் தோற்றன. செயற்கை நீலக்கல்லால் வட்டமூடி செய்து பார்த்தனர், அதுவும் பயன்படவில்லை. கடைசியில் வென்றது, கோபால்ட் உலோகக் கலவைக் கூட்டுக்குள் சாய்ந்து ஆடும் ஒரு பாலிதீன் வட்டு! நீலமணி தோற்ற இடத்திற் பாலிதீன் வென்றதை எண்ணி யாம் பலகால் மகிழ்ந்ததுண்டு. செம்மறியாடுகளிற் சோதித்த பின், 1990 டிசம்பர் 6 இல் முதன்முதலாக மனிதர்க்குப் பொருத்தினர். டி.டி.கே. நிறுவனம் அதனைச் செய்து விற்கலாயிற்று. இதுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர்க்கு அது பொருத்தப்பட்டுளது. வலியத்தான் அவர்கள் 2024 இற் காலமானார்கள்.

வால்வு மலிந்தது, ஆயினும் நெஞ்சைத் திறந்து செய்யும் சிகிச்சை மலியவில்லை. அதற்கும் ஒரு வழி பிறந்தது. தமிழ்நாட்டு அரசு 2009 இற் காப்பீட்டுத் திட்டம் ஒன்று கண்டது. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமென நடைபெற்று வருகின்றது. அதற்குரிய குடும்ப வருமான வரம்பு 2022 இல் ஆண்டுக்கு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வால்வு மாற்று சிகிச்சையும் அதன்கண் அடங்கும். மதுரை இராசாசி மருத்துவமனையிலும் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும் இருதய இரண சிகிச்சைப் பகுதிகள் உள.

“அங்ஙனமாயின் குறை என்ன? சர்க்கார்தான் கொடுக்கின்றதே!” என்று சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு பெரியவர் வினவினார். அவ்வினாவிற்கு விடை கூறவே இன்று நிற்கின்றோம்.

சர்க்கார் கொடுப்பது சிகிச்சை நடக்கும் சில நாட்களுக்கு. நோயோ அதற்குப் பத்தாண்டு முன்னே தொடங்கி, அதன்பின் நாற்பதாண்டு தொடர்வது. உலோக வால்வு பொருத்தப்பெற்றவர், அதன்மேற் குருதி உறையாதிருக்க நாடோறும் மாத்திரை உண்ணல் வேண்டும். மாத்திரை விலை பெரிதன்று. ஆனால் அதன் அளவு மிகினும் குறையினும் கேடு: குறைந்தால் வால்விற் குருதி கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரும்; மிகுந்தால் உள்ளே குருதி கசியும். ஆதலின் மாதமொருமுறையேனும் இரத்தம் சோதித்து அளவைத் திருத்தவேண்டும். கீரையைச் சிலர் அறவே விலக்கிவிடுகின்றனர். விலக்க வேண்டுவதில்லை, நாளுக்கு நாள் அளவு பெரிதும் மாறாதிருந்தாற் போதும். வைத்தியரைக் கேளாமற் பிற மருந்துகளை உண்ணலாகாது.

இங்கிருந்து புதுக்கோட்டைக்குச் சென்று, சீட்டுப் பெற்று, குருதி கொடுத்து, முடிவு வரக் காத்திருந்து, வைத்தியரைக் கண்டு திரும்ப ஒரு பகல் கழியும். துணைக்குச் செல்பவர்க்கும் அன்று கூலியில்லை. நூறுநாள் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் செல்லும் வீட்டில் இரண்டு பேர் கூலி போவது எத்தகையதென யாம் சொல்லவேண்டுவதில்லை. முதல் மாதம் செல்வர். மூன்றாம் மாதம் தள்ளிப்போடுவர். ஆறாம் மாதம் “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்பர்.

எம் வகுப்பிற் படித்த ஒரு பெண்ணைப் பற்றி ஈண்டுக் கூறல் வேண்டும். அறிவுடையவள்; யாப்பிலக்கணத்தில் ஆண்பிள்ளைகளை வென்றவள். ஏழாம் வகுப்பில் முழங்கால் வீங்கிற்று. வாதக் காய்ச்சலென அறிந்து, ஊசி தொடங்கினர். ஓராண்டுக்குப் பின் நிறுத்திவிட்டனர். பணமின்மை ஒரு காரணம். மற்றொன்றை அவள் தாயார் எம் மனைவியிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: “மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனா ஊருக்குத் தெரிஞ்சுபோகும் அக்கா, நாளைக்கு யாரு கட்டுவா?”

இது வீணச்சமென்று இகழ யாம் துணியோம். நம் சபையிலேயே, பெண் பார்க்கச் செல்லும்போது நோயை விசாரிப்பவர் எத்தனை பேர்! மணமான பின்னும் இடர் தீர்வதில்லை. உலோக வால்வுடையாள் உண்ணும் மாத்திரை கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும். விலங்கின் தசையாற் செய்த வால்வுக்கு அம்மாத்திரை நெடுங்காலம் வேண்டா. ஆயினும் பத்துப் பதினைந்து ஆண்டிற் பழுதாகி, இளையோர்க்கு அதனினும் விரைவாக, மறுசிகிச்சை நேரும். எதனைத் தெரிவது என்பதை வைத்தியரோடு அமர்ந்து ஆராயப் படிப்பும் காலமும் வேண்டும். காலத்தில் அறிந்தால், சுருங்கிய வால்வைப் பலூன் செலுத்தி விரித்தே பலரை ஆண்டுக்கணக்கிற் காக்கலாம். மறைக்கும் வீட்டில் காலத்தில் அறிதல் ஏது?

நாம் அனைவரும் ஒரு குலம், ஓருதிரம் என்று இம்மேடையில் ஆண்டுதோறும் முழங்குகின்றோம். நம்மிற் காருடைய ஒருவர்க்கு முதுமையில் வால்வு சுருங்கினால், நெஞ்சைத் திறவாமல் தொடைக் குழாய் வழியே புது வால்வு செலுத்தும் முறை சென்னையில் உண்டு. பல லட்ச ரூபாயாகும். அவர் சின்னாளில் வீடு திரும்புவார். அது குற்றமன்று, அவர் நெடிது வாழ்க. ஆனால் அவர் வயலில் நாற்று நடும் நம்மவள் மகளுக்கு மாதாந்தர ஊசிக்குப் பேருந்துக் காசு இல்லையென்றால், ஓருதிரம் என்பது எப்பொருள் பற்றிய சொல்?

சங்க நிதியில் கல்யாண மண்டபத்திற்கு இரண்டாம் மாடி எழுப்பத் தொகை சேர்ந்துளது. மாடி வேண்டாமென்று யாம் கூறவில்லை. ஓராண்டு பொறுத்து எழுப்பலாம் என்கின்றோம். அத்தொகையின் வட்டியைத் தனிக் கணக்காக்கி, ஊசிக்கும் இரத்தச் சோதனைக்கும் செல்வோர்க்குப் பயணச் செலவும், துணைவருவோர்க்கு ஒருநாட் கூலியும் அளிக்கலாம். பெயரை ஏட்டில் எழுதுவோர் இருவரே; அவர் வாய் திறவாதவராதல் வேண்டும். காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று பெறவும், ஆட்சியர் அலுவலகம் செல்லவும் நம் இளைஞர் இருவர் துணைபோகலாம். தொண்டை நோவுடைய பிள்ளையை ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு அனுப்புவதை ஆசிரியராகிய யாங்கள் பார்த்துக்கொள்வோம்.

இன்னொன்று. இவ்வுதவி நம்மவர்க்கு மட்டும் என்று வரையறுக்கவேண்டுமெனச் செயற்குழுவிற் பேச்சு எழுந்ததாக அறிகின்றோம். ஒரே விசிப்பலகையில் ஐந்து பிள்ளைகள் நெருங்கியிருந்து இருமுகின்றனர். தொண்டைக் கிருமி எக்குலமென்று கேட்டுத் தாவுவதில்லை. அப்பலகையில் ஒருவனை மட்டும் காப்பது நடவாத காரியம். ஆதலின் வரைவுத் தீர்மானத்தில் “நம் குலத்துப் பிள்ளைகட்கு” என்றிருப்பதை “அன்னவாசல் வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகட்கு” எனத் திருத்துமாறு வேண்டுகின்றோம். அத்திருத்தத்தோடு வாசகத்தைச் செயலாளர் இப்போது படிப்பார்கள். மறுப்பவர் எழுந்து காரணம் கூறலாம்.