கிணற்றடியில் கேட்ட தண்ணீர்

கிறிஸ்தவ அன்பின் பெரிய பாடம் ஒரு கிணற்றடியில் நடந்தது. வழிநடைக் களைப்போடு வந்த இயேசு, யூதர் புழங்காத சமாரியப் பெண்ணொருத்தியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவர் கொடுக்கவில்லை, கேட்டார். ஏழைக்குக் கொடுப்பது எளிது. ஒதுக்கப்பட்டவர் கையால் வாங்கிக் குடிப்பதுதான் தாழ்மை.

ஆறில்லாத யாழ்ப்பாணத்துக்குக் கிணற்றின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சமர் என்று தள்ளப்பட்டோர் கிணற்றுக்கட்டில் ஏற விடப்படாமல், யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்ற மண் இது. தேநீர்க்கடையில் அவர்களுக்கென்று தனிப் பேணி இருந்தது.

அந்தக் காலம் போய்விட்டதாம். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் மணமக்கள் பகுதியில் ‘யாழ். கிறிஸ்தவ வேளாளர்’ என்று அச்சாவது என்ன? இந்த மண்டபத்தில் கூடியிருப்போர் எல்லோரும் அந்த இரண்டு சொற்களை வாசித்தவர்கள்தான். வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவர்கள்தான். கிறிஸ்தவ வேளாளர்! ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்த பிறகும் ஒட்டிநிற்கும் சாதி எந்த வேதத்தில் உள்ளது?

இந்த நோய்க்கு வயது அதிகம். கிறிஸ்தவரான ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளுக்கென்று தனிப் பகுதியே இருந்தது. அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1844 ஆகிற்று. அமெரிக்க மிஷன் 1816இல் வந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும் உடுவில் பெண்கள் பாடசாலை 1824இலும் எழுந்தன. கல்வி கொடுத்த அந்தக் கைகள் வணக்கத்துக்குரியவை. ஆனால் மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றை உயர்சாதிப் பிள்ளைகள் தொட மறுத்தபோது, ஆரம்ப விடுதிகளின் அடுப்பு வளவுக்கு வெளியே போனது. பாடம் உள்ளே நடந்தது, சோறு வெளியே வெந்தது. அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை. இன்று அது மணமக்கள் பகுதியில் எரிகிறது.

எதிர்த்து நின்றவர்களும் இதே மண்ணில் இருந்தார்கள். ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசை வளர்த்தார்கள். 1927இல் காந்தியை இங்கே வரவழைத்தார்கள். பாடசாலைகளில் சம ஆசனம், சம போசனம் வேண்டுமென்று போராடினார்கள். அதன் பிறகும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்துக்கு 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்தும் கதவு திறக்கவில்லை. 1966 முதல் சாதாரண சனங்கள் அடியும் உதையும் வாங்கித்தான் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைந்தார்கள். அன்பைப் போதித்தவர்கள் நடக்க வேண்டிய பாதையை அடிபட்டவர்கள் நடந்து முடித்தார்கள்.

சாதி பார்த்து வரன் தேடுவதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் மூன்று. சாதி வேறு, சமயம் வேறு என்பது முதலாவது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மட்டும் கிறிஸ்தவராக இருப்பவரின் வாதம் அது. ஊர் என்ன சொல்லும் என்பது இரண்டாவது. ஊருக்குப் பயப்படுகிறவருக்கு ஆண்டவர் எதற்கு? பிள்ளையின் நன்மைக்காக என்பது மூன்றாவது. அப்படியென்றால் மீன்பிடித்த பேதுரு வரன் கேட்டு வந்தாலும் படலையோடு திருப்பிவிடுவார்கள். தச்சன் மகனுக்கு முற்றத்தில்கூட இடமிராது. ஆனால் அந்தத் தச்சன் மகனின் படம்தான் விறாந்தைச் சுவரில் மாலையோடு தொங்குகிறது!

போர் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் குண்டு எவரிடமும் சாதி கேட்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் முடிவில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. கொட்டும் மழையில் இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கு நடந்தபோது தண்ணீர் கிடைத்த இடத்தில் குடித்தார்கள். அள்ளித் தந்த கை எந்தக் கை என்று பார்க்க நேரமிருக்கவில்லை. சாவு துரத்தியபோது மறக்க முடிந்த சாதி, சமாதானம் வந்ததும் பேப்பரில் ஏறிவிட்டது.

பெரிய வியாழன் வழிபாட்டில் குருவானவர் பன்னிருவரின் பாதம் கழுவுகிறார். அது நாடகமல்ல, கட்டளை. பாதத்தைத் தொட்டுக் கழுவலாம், ஆனால் அந்தப் பாதம் மருமகனாக வீட்டுப் படி ஏறக்கூடாது என்றால், கழுவிய தண்ணீர் வீண்.

செய்ய வேண்டியது சிறியது. அடுத்த விளம்பரம் எழுதும் கிறிஸ்தவத் தகப்பன் ‘கிறிஸ்தவ’ என்ற சொல்லோடு பேனையை நிறுத்தட்டும். நிறுத்த மனமில்லையென்றால் அந்தச் சொல்லையும் சேர்த்து வெட்டட்டும்.